மருந்து தின்னாத எலிகள்

ஒஸ்மார்: எலித் தீனியை மாத்திப் போட்டுட்டேன்னு ஒத்துக்கங்க ஜுரேமாக்கா. விஷயம் இதோட முடிஞ்சிரும்.

ஜுரேமா: செய்யாததை எப்படி டாக்டர் ஒத்துக்கறது? சிவப்பு வாளியில பூச்சிமருந்து கலந்த தீனி. வெள்ளை வாளியில வெறும் தீனி. இருபத்திரண்டு மாசமா ஒரு நாள் மாறினதில்ல.

ஒஸ்மார்: அப்புறம் வெறும் தீனி தின்ன எலியோட ரத்தத்துல மருந்து எப்படி வந்துச்சு? ஆறு எலிக்குக் கட்டி வேற!

ஜுரேமா: உங்க மெஷின் பொய் சொல்லுது.

ஒஸ்மார்: மெஷினை... சோதிச்சுட்டேன்.

ஜுரேமா: எதை வச்சு?

ஒஸ்மார்: அதை விடுங்க! இந்த மருந்தால புத்துநோய் வருமான்னு சொல்ல, மருந்தே படாத எலி வேணும். அதுவும் போச்சு. தலைநகர் பிரசீலியாவுல உக்காந்திருக்கிற அதிகாரிக்கு நான் என்னத்தை எழுதறது?

ஜுரேமா: கத்தாதீங்க. டுடுவும் பிபியும் பயப்படுது.

ஒஸ்மார்: பேரு வேற வச்சிருக்கீங்களா?

ஜுரேமா: ...வெள்ளை வாளிக்காரங்களுக்கு மட்டும்.

ஒஸ்மார்: கடவுளே! வேற என்ன செஞ்சீங்க? அக்கா... என் மூஞ்சியைப் பாருங்க.

ஜுரேமா: கொஞ்சூண்டு கீரை. தினம் ஒரு இலை. காய்ஞ்ச தீனியையே எத்தனை நாளைக்குத் தின்னும், பாவம்...

ஒஸ்மார்: கீரையா!

ஜுரேமா: மருந்து தின்னுற எலிங்களுக்கு ஒரு இலைகூடக் குடுக்கல டாக்டர், சத்தியமா. உங்க ஆராய்ச்சி கெட்டுடக் கூடாதுல்ல?

ஒஸ்மார்: ரொம்ப உபகாரம்! எங்க வாங்கின கீரை?

ஜுரேமா: கடைக் கீரை இல்ல. எங்க வால்டிர் தோட்டத்துல வெளையுறது.

ஒஸ்மார்: உங்க வீட்டுக்காரர் பூச்சிக்கு என்ன அடிக்கிறார்?

ஜுரேமா: பேரு யாருக்குத் தெரியும்... மஞ்ச மூடி போட்ட கேன். அதோ, அந்த அலமாரியில இருக்கே, அதே மாதிரி... ஐயோ.

ஒஸ்மார்: அதே மருந்துதான்.

ஜுரேமா: இப்ப என்ன செய்யறது டாக்டர்? எங்க வீட்டுல எல்லாரும் அதைத்தானே திங்கறோம். பயமா இருக்கு.

ஒஸ்மார்: மெஷினை எதை வச்சு சோதிச்சேன்னு கேட்டீங்கல்ல? சுத்தமான ரத்தம் வேணும்னு என் ரத்தத்தையே எடுத்து வச்சேன். அதுலயும் இதே மருந்து காட்டுது. நான் அந்தக் கேனைத் தொட்டதுகூட இல்ல. மூணு நாளா மண்டையைப் பிச்சுக்கறேன், எங்கேருந்து வந்துச்சுன்னு...

ஜுரேமா: டாக்டர்... இங்க வேலை செய்யறவங்ககிட்ட ஓசியில ஒண்ணும் வாங்கக் கூடாதுன்னு நீங்க சட்டம் போட்டீங்கல்ல, அதனால உங்க காதுல போடாதேன்னாங்க உங்க வீட்டம்மா. சனிக்கிழமை செய்யற ஃபெய்ஜோவாடா பீன்ஸ் குழம்புக்குத் தொட்டுக்க, வாரம் ரெண்டு கட்டு கீரை குடுப்பேன். உங்க சின்னப் பொண்ணு பீன்ஸையெல்லாம் ஒதுக்கி வச்சிட்டு, கீரையை மட்டும்தான் திங்குமாம்.