முப்பத்தெட்டு வீட்டுக்கும் ஒரே ரோட்டு லைட்டு

அன்பரசி: ...கத்தாம எப்படி அண்ணி இருக்கிறது? முப்பத்தெட்டு வீடு! நான் குடுத்த முப்பத்தெட்டு கேள்விப் பாரத்துலயும் ஒரே பதில்!

புஷ்பவள்ளி: எஸ்டேட்டுல எல்லாரும் ஒத்துமையா இருக்காங்கன்னு சந்தோஷப்படு லா. இந்தா, பாலில்லாத தே ஓ, குடி.

அன்பரசி: எனக்கு ஒன்னும் வேணாம். பதினொன்னாவது கேள்வி... "உங்க பிள்ளை எங்க உக்காந்து படிக்குது?" முப்பத்தெட்டு பேரும் "ரோட்டு லைட்டுக்கு அடியில"ன்னு எழுதியிருக்காங்க.

செல்லன்: எந்த ரோட்டு லைட்டு?

அன்பரசி: கேளுண்ணே! நல்லா கேளு! இந்த லயத்து வீடுங்க எல்லாத்துக்கும் இருக்கிறது ஒரே ஒரு லைட்டு.

செல்லன்: அது எரிஞ்சே ரெண்டு வருஷமாச்சே.

புஷ்பவள்ளி: நீங்க சும்மா இருங்க.

அன்பரசி: அறுபது பிள்ளைங்க, எரியாத லைட்டுக்கு அடியில உக்காந்து படிக்குதாம்!

புஷ்பவள்ளி: மனசுல ஆர்வம் இருந்தா வெளிச்சம் எதுக்கு?

அன்பரசி: அண்ணி!

புஷ்பவள்ளி: சரி சரி... மெதுவா பேசு. பக்கத்து வீட்டு ஷாமளா காது கொடுத்துட்டு நிப்பா.

அன்பரசி: ஷாமளாவா? அவங்க வீட்டுக்குப் போனேன். சுவரு பூரா ஒரு சேலைய போட்டு மூடி வச்சிருக்காங்க. நடுவுல குங்குமம் வேற. என்னா அக்கா இதுன்னு கேட்டா, "குலசாமி, தொடாதீங்க"ங்கிறாங்க.

செல்லன்: பக்தியான பொம்பள.

அன்பரசி: பேசிட்டே இருக்கையில ரிமோட்டு மேல உக்காந்துட்டாங்க. குலசாமி "கோல்!"னு கத்துது!

செல்லன்: ...யாரு அடிச்சா?

அன்பரசி: சிரிக்காதண்ணே! எனக்கு அழுகை வருது. சேது அண்ணன் வீட்டுல உக்கார நாற்காலி கூட இல்ல. தாயம்மா அக்கா வீட்டுல மேசை இல்ல. போன மாசம் அதே மேசையிலதான் எனக்கு சோறு போட்டாங்க! அப்புறம் கோயில் பக்கம் போனா, மண்டபத்துல பதினோரு சோபா.

புஷ்பவள்ளி: திருவிழா வருதுல்ல...

அன்பரசி: எந்த சாமி அண்ணி சோபால உக்காருது? சுங்கை பெசார்ல இருந்து ஒரு ஆளு காடிய நிறுத்திட்டு, "நீலக் கலரு சோபா என்ன வெல"ன்னு என்னையே கேக்குறான்.

புஷ்பவள்ளி: அய்யய்யோ, அது திலகத்தோடது. குடுத்துடலையே?

அன்பரசி: பாத்தீங்களா! யாரு சோபான்னு கூட தெரிஞ்சிருக்கு! ஷாமளா மக விஷாலினி எல்லாத்தையும் சொல்லிட்டா அண்ணி. "அத்தை, என் கதை புக்கெல்லாம் அரிசி டிரம்முல இருக்கு, ஆனா சொல்லக்கூடாதாம்"னு மூக்க உறிஞ்சிக்கிட்டே சொல்றா.

புஷ்பவள்ளி: அந்த வாயாடியா? அவளுக்கு ரெண்டு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தேனே!

அன்பரசி: அப்ப... நீங்கதான் வீடு வீடா போய் சொல்லிக் குடுத்தது?

புஷ்பவள்ளி: தே ஓ ஆறுது, குடி.

அன்பரசி: அண்ணி.

புஷ்பவள்ளி: ஆமா லா! நான்தான்! என்னா இப்ப? போன வருஷம் ஒரு அம்மா இதே மாதிரி பாரம் எடுத்துட்டு வந்துச்சு. "எல்லாம் நல்லா இருக்கு"ன்னு சொன்ன வீட்டுக்கு ஒன்னும் கிடைக்கல. "ஒன்னுமே இல்ல"ன்னு சொன்ன வீட்டுக்கு அரிசி, எண்ணெய், ஸ்கூல் பேக்கு. பாரத்த பாத்தா நல்லா இருக்கேன்னு சொல்லக்கூடாதுன்னு இங்க சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அன்பரசி: நான் பந்துவான் உதவி குடுக்க வரல! பிஎச்டிக்கு ஆராய்ச்சி பண்றேன்!

புஷ்பவள்ளி: அதுக்குத்தான் நானும் பண்ணேன்!

அன்பரசி: என்னது?

புஷ்பவள்ளி: தீவாளிக்கு வந்தப்ப நீயே சொன்ன. வளரும் நாட்டுப் பிள்ளைங்களோட படிப்பப் பத்தி ஆராய்ச்சின்னு. நான் ரெண்டு நாளு தூங்காம யோசிச்சேன். இங்க வந்து பாத்தா ஷாமளா வீட்டு டிவி அந்த சுவரு அகலம். சேது மகன் யுவனேஸ்வரன் கையில டேப்லட்டு. இதெல்லாம் எழுதி அனுப்புனா உன் வெள்ளக்கார டீச்சரு என்னா சொல்லுவா? "இது வளந்துட்ட நாடு, வேற எங்கயாச்சும் போ"ன்னு சொல்லிட மாட்டாளா? நாப்பத்தொரு வயசுல ரவாங்ல தாடிக்காவுல சின்னப் பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுத்த வேலைய விட்டுட்டு படிக்கப் போனவ நீ. உன் படிப்பு போயிடக்கூடாதுன்னுதான் முப்பத்தெட்டு வீட்டையும் ஒரு வாரம் வளராம வச்சிருந்தேன்!

செல்லன்: பாவம்மா, தாயம்மாக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. ஒரு வாரமா தரையில உக்காந்து சாப்புடுறா.

அன்பரசி: உனக்கு எப்படிண்ணே தெரியும்?

செல்லன்: மேசைய தூக்குனதே நான்தானே.

அன்பரசி: நீயுமா!

செல்லன்: எஸ்டேட்டு ஆளுங்கள வேலை வாங்குற மண்டோரா இருக்கேன். நாலு ஆளு வச்சு சோபா தூக்குறது எனக்கு ஒரு வேலையா? ஆனா ரோட்டு லைட்டு எனக்குத் தெரியாது. அது இவ சொந்த யோசனை.

புஷ்பவள்ளி: பெரிய ஆளுங்க எல்லாரும் அப்படித்தானே படிச்சிருக்காங்க... ஒரு வீட்டுக்குத்தான் சொல்லிக் குடுத்தேன். கேட்டவளுங்க எல்லாரும் "எங்களுக்கும் அதையே போடு"ன்னுட்டாளுங்க.

அன்பரசி: முதல் இருவது பாரத்த சரியா படிச்சுக் கூட பாக்காம போன வாரமே அனுப்பிட்டேன் அண்ணி. அந்த டீச்சரு நேத்து பதில் போட்டிருக்காங்க. நீயே படிச்சுப் பாருண்ணே.

செல்லன்: குடு... கண்ணாடி எங்க... ம்... "இத்தனை வருஷத்துல இவ்வளவு மனச தொட்ட பதில நான் பாத்ததில்ல"ங்கிறாங்க. அந்த ரோட்டு லைட்டுக்குத் தனி அத்தியாயம் எழுதணுமாம். அடுத்த மாசம் பெரிய கூட்டத்துல பேசணுமாம்.

புஷ்பவள்ளி: பாத்தியா! பாஸ் பண்ணிட்ட!

அன்பரசி: பொய்யி அண்ணி அது! நாலு மணிக்கு வீடியோவுல வர்றாங்க. இது கடைசி வாய்ப்பு. போன தடவையே "கையில ஒன்னுமே இல்லையே"ன்னு எச்சரிக்கை குடுத்துட்டாங்க. உண்மைய சொன்னா படிப்புலேர்ந்து என் பேர எடுத்துடுவாங்க. சொல்லலன்னா நான் கூட்டத்துல நின்னு எரியாத லைட்டப் பத்தி பேசணும்.

செல்லன்: இப்ப மணி என்னா?

அன்பரசி: மூணு இருவது.

செல்லன்: நாப்பது நிமிஷம் இருக்கு. ஆளுங்கள கூப்புட்டு அந்த லைட்ட ரிப்பேரு பண்ணிடட்டுமா?

அன்பரசி: அண்ணே!

செல்லன்: எரியவாச்சும் எரியும்ல...

புஷ்பவள்ளி: சரி, அழாத. உண்மைய சொல்லிடு. "எங்க அண்ணிதான் கெடுத்தா"ன்னு சொல்லு. என் பேர போடு. நானே வந்து வீடியோவுல சொல்றேன். திட்டுறதுன்னா என்னைய திட்டட்டும், எனக்கு அவ பாஷை புரியவா போவுது?

அன்பரசி: அப்படி சொல்ல முடியாது அண்ணி.

புஷ்பவள்ளி: ஏன்? நான் பண்ணத நான்தானே சொல்லணும்?

அன்பரசி: முடியாது.

செல்லன்: ஏம்மா முகம் ஒரு மாதிரி போவுது?

அன்பரசி: ஒன்னுமில்லண்ணே.

செல்லன்: ஒன்னுமில்லங்கிறப்ப உனக்கு கழுத்து செவக்கும். சின்னதுலேர்ந்து அப்படித்தான்.

அன்பரசி: ...உங்கள குத்தம் சொல்ற அளவுக்கு நான் யோக்கியம் இல்லண்ணே.

புஷ்பவள்ளி: என்னாடி பண்ணித் தொலச்ச?

அன்பரசி: வாயால சொல்ல வரல அண்ணி.

புஷ்பவள்ளி: அப்ப எழுது. பேஸ்புக்குல உன் குரூப்பு இருக்குல்ல, தாடிக்கா டீச்சருங்க, படிக்கிறவங்கன்னு... அதுல போட்டு கேளு. எத்தனையோ பேரு இருக்காங்க, யாராச்சும் வழி சொல்லுவாங்க. எழுதி முடிச்சுட்டு எங்களுக்கும் படிச்சுக் காட்டு.

செல்லன்: இங்க உக்காரு, என் பக்கத்துல. மெதுவா எழுது... அந்த எடத்துல ஒரு புள்ளி விட்டுட்ட பாரு.

அன்பரசி: எழுதிட்டேன். படிக்கிறேன், கேளுங்க. "வணக்கம். எங்க லயத்துல நடந்தத, நாங்க மூணு பேரும் இப்ப பேசுனபடியே மேல போட்டிருக்கேன். ஆனா இந்தப் பொய்ய ஆரம்பிச்சது அண்ணி இல்ல, நான். ரெண்டு வருஷத்துக்கு முன்ன இந்தப் படிப்புக்கு விண்ணப்பம் பண்ணப்ப, 'உங்க குடும்பத்தப் பத்தி எழுதுங்க'ன்னு கேட்டாங்க. நல்லா இருக்கோம்னு எழுதுனா எடுக்க மாட்டாங்கன்னு பயந்துட்டேன். 'என்னைய வளத்த அண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அவருக்கு வர்ற கடுதாசிய நான்தான் படிச்சுக் காட்டுவேன்'னு எழுதினேன். அத படிச்சு டீச்சரு அழுதாங்களாம். எடம் கிடைச்சிருச்சு. இன்னிக்கு நாலு மணிக்கு அண்ணனையும் பாத்து ரெண்டு வார்த்தை பேசணும்ங்கிறாங்க. ரெண்டு பொய்யையும் சொல்லிடணும்னு முடிவு பண்ணிட்டேன். எத முதல்ல சொல்றதுன்னுதான் தெரியல. இந்த மாதிரி பாரத்துல நீங்களும் எதையாச்சும் கூட்டி, கொறச்சு எழுதியிருக்கீங்களா? மாட்டுனப்ப எப்படி சொன்னீங்க? தயவுசெஞ்சு கீழ எழுதுங்க, நாலு மணிக்குள்ள. எழுத்துப்பிழை இருக்காது... அண்ணன்தான் பக்கத்துல உக்காந்து திருத்திக் குடுத்தாரு, சிரிச்சுக்கிட்டே."