பிளந்து கிடந்த தோட்டாக்கூடு

ஹார்லன்: மொதல்ல உட்காரு. கன்னத்தைக் காட்டு.

லைல்: உட்கார வரல. என் துப்பாக்கியைக் குடு, போயிடறேன்.

ஹார்லன்: ஞாயித்துக்கிழமை சர்ச் சாப்பாட்டுல அறுபது பேர் முன்னாடி என்ன சொன்ன? 'ஹார்லன் ரிப்பேர் பண்ண கைத்துப்பாக்கி என் மூஞ்சியிலயே வெடிச்சுது'ன்னு. சொன்னியா இல்லையா?

லைல்: வெடிச்சுது. சொன்னேன்.

ஹார்லன்: திங்கக்கிழமை மூணு பேர் வந்து அவனவன் துப்பாக்கியை எடுத்துட்டுப் போயிட்டான். நான் இன்னும் கையே வைக்கல. முப்பத்தோரு வருஷமா இந்தப் பட்டறையில...

லைல்: ஏப்ரல்ல ஸ்பிரிங் மாத்தினது நீதானே?

ஹார்லன்: மாத்தினேன். அது கல்லு மாதிரி இருக்கு. இங்க பாரு... அங்க எங்க பாக்கற, இதைப் பாரு. குழல்லேர்ந்து நான் தட்டி எடுத்த கூடு. நீட்டுவாக்குல பிளந்திருக்கு. என்ன தோட்டா இது?

லைல்: கண்ணாடி எடுத்துட்டு வரல.

ஹார்லன்: மூக்கு மேல இருக்கு.

லைல்: எதுவா இருந்தா என்ன?

ஹார்லன்: அப்ப நானே சொல்றேன். உன் துப்பாக்கி மேக்னம் ரகம். அதுக்கு இந்த நீளத் தோட்டாதான். உள்ள இருந்தது சாதா இருபத்திரெண்டு நம்பர் தோட்டா. குட்டை, கொஞ்சம் ஒல்லி. தொளதொளன்னு உட்கார்ந்திருக்கு. சுட்டதும் கூடு பிளந்து நெருப்பு பின்பக்கமா அடிச்சிருக்கு. கண்ணாடி போட்டிருந்த, பிழைச்ச. இல்லேன்னா ஒத்தக் கண்ணோட நின்னு எங்கிட்ட வம்பு பண்ணிட்டிருப்ப.

லைல்: நாப்பது வருஷமா சுடறேன். எனக்கா தோட்டா தெரியாது?

ஹார்லன்: அதைத்தான் நானும் கேக்கறேன். அது தானா ஏத்திக்கிற துப்பாக்கி. குட்டை எது, நீளம் எதுன்னு அதுக்குத் தெரியுமா? குடுத்ததை ஏத்துச்சு. தோட்டா அடைக்கிற மேகசின்ல இன்னும் நாலு குட்டை கிடந்துது.

லைல்: நீயே கலந்து வச்சிருப்ப.

ஹார்லன்: என்ன சொன்ன?

லைல்: ...ஒண்ணும் சொல்லல.

ஹார்லன்: இல்ல, சொல்லு. கதவு தொறந்துதான் இருக்கு, தெருவுக்கே கேக்கட்டும்.

லைல்: விடுப்பா. வாய் தவறிடுச்சு.

ஹார்லன்: உன் வாய் இந்த வாரம் ரொம்பத்தான் தவறுது. இந்தா, களிம்பு.

லைல்: உன் களிம்பு எனக்கு வேணாம்.

ஹார்லன்: பேசாம கன்னத்தைக் காட்டு. கொப்புளம் உடைஞ்சிருக்கு... ஆடாத. சனிக்கிழமை துப்பாக்கி கிளப் கூட்டம். எழுந்து நின்னு ரெண்டே வரி சொல்லு. 'தோட்டா மாறிப்போச்சு. ஹார்லன் மேல தப்பு இல்ல.' அவ்வளவுதான்.

லைல்: முடியாது.

ஹார்லன்: முடியாதா?

லைல்: வேற எது வேணா கேளு. உன் கொட்டகைக் கூரைக்கு நானே தகரம் போட்டுத் தரேன்.

ஹார்லன்: கூரையா கேட்டேன்? வேற எவனாவது இருந்தா பில்லிங்ஸ் டவுன்ல வக்கீலைப் பாத்திருப்பான். சினேகிதனாச்சேன்னு கன்னத்துக்கு மருந்து தடவிட்டிருக்கேன் நான்.

லைல்: சொன்னா அவளுக்குத் தெரிஞ்சிடும்.

ஹார்லன்: யாருக்கு?

லைல்: யாருக்கும் இல்ல.

ஹார்லன்: லைல்... என் பேரைக் கெடுத்திருக்க. காரணத்தையாவது சொல்லு.

லைல்: மேகசின் நிரப்பறது நானில்ல. என் பொண்டாட்டி ஆர்டிஸ். நான் போய் சுடறதுக்குத் தகர டப்பாவை வரிசையா வைப்பேன். அவ வண்டியோட பின்பலகையில உட்கார்ந்து ஒவ்வொண்ணா நிரப்பித் தருவா. முப்பது தோட்டா... விளிம்போட விளிம்பு சிக்காம வைக்கணும். எனக்கு அந்தப் பொறுமை ஏது?

ஹார்லன்: ம்.

லைல்: இப்ப வீட்டுல இருக்கற குட்டை, நீளம் ரெண்டு தோட்டாப் பெட்டியும் பச்சை. எழுத்தும் பொடி. அவ கண்ணு... சர்ச்சுல பாட்டுப் புஸ்தகத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டு மனப்பாடமாப் பாடறா. பக்கமே வேற. கிறிஸ்மஸ்லேர்ந்து பாத்துட்டிருக்கேன்.

ஹார்லன்: கேக்கலையா?

லைல்: எப்படிக் கேக்கறது? அவ அம்மா ரெண்டு கண்ணும் போய் ஒன்பது வருஷம் ஒரே நாற்காலியில கிடந்தாங்க. அதுதான் அவளுக்குப் பயமே.

ஹார்லன்: அதுக்கு என் தலையை உருட்டின.

லைல்: எல்லாரும் என்னாச்சு, என்னாச்சுன்னு கேட்டாங்க. அவ தட்டோட பக்கத்துல நின்னா. மூஞ்சி வெளுத்துப்போச்சு. எனக்கு வாயில உன் பேருதான் வந்துது. தப்புதான். ஆனா தோட்டாதான் காரணம்னு சொன்னா, எங்க வீட்டுல யார் நிரப்பறதுன்னு கிளப் பூரா தெரியும். அவ அன்னிக்கே உடைஞ்சு போயிடுவா. நீ என்னை அடிச்சாலும் சரி, சொல்ல மாட்டேன்.

ஹார்லன்: முட்டாள்.

லைல்: ஆமா. திட்டு.

ஹார்லன்: உன்னை மட்டும் சொல்லல. ரெண்டு பேரையும்தான் சொல்றேன்.

லைல்: அவளை இழுக்காத. பாவம், அவளுக்கு எதுவும் தெரியாது.

ஹார்லன்: தெரியாதா? காலைல நான் கடை தொறக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல நின்னா. பக்கத்து வீட்டுப் பொண்ணு கொண்டாந்து விட்டுது. 'அந்தக் கூட்டைக் குடு ஹார்லன்'னு வாங்கி விரலால தடவிப் பாத்தா. 'இது நான் போட்டதுதான்'னா. கண்ணு மங்கறது அவளுக்குப் போன வருஷமே தெரியும். நீ தாங்க மாட்டேன்னு மறைச்சிருக்கா. சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் தானே எழுந்து உண்மையைச் சொல்லப்போறா... என் பேருக்காக. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போனா. அதான் நீயே முந்திக்கிட்டுச் சொல்லிடணும்னு இவ்வளவு நேரம் கத்தினேன். சத்தியத்தையும் மீறிட்டேன், கர்த்தர் மன்னிக்கட்டும்... அவ எழுந்து நிக்கறப்ப நீ உட்கார்ந்திருக்காதப்பா.