உலை ஆறட்டும்

அக்கா: தொடாதே. இன்னும் ஆறல.

தம்பி: தொடல. டார்ச்சைக் குடு, உள்ள பார்க்கிறேன்.

அக்கா: என்ன தெரியுது?

தம்பி: கண்ணாடிக் குழாய் உருகி நடுவுல தொங்கிப்போச்சு. டிரான்சிஸ்டர் செய்ய உள்ள வெச்ச சிலிக்கான் வில்லை அதோட ஒட்டிக்கிச்சு.

அக்கா: ரெண்டு மாசமா துணி துவைக்கிற இடத்தைப் பிடிச்சுக்கிட்டு, செங்கல்லை ஒண்ணொண்ணா அறுத்து, கம்பியைச் சுருட்டி... இந்த உலைக்கு இருந்த மரியாதை இந்த வீட்ல எனக்கே இல்ல. வேற வில்லை இருக்கா?

தம்பி: இருந்தது அது ஒண்ணுதான்.

அக்கா: அப்ப நாளன்னிக்கு அந்த ஆய்வுக்கூடத்துல என்னத்தைக் காட்டுவ? வீட்லயே டிரான்சிஸ்டர் செஞ்சு எடுத்துட்டு வர்றேன்னு சொன்னதாலதானே வேலைக்குக் கூப்பிட்டாங்க.

தம்பி: வரலன்னு போன் பண்ணிடறேன்.

அக்கா: எல்லாம் என்னாலதான். பத்து மணிக்கு சுவிட்சைப் போடுன்னு சொல்லிட்டுப் போன. போட்டேன். கூடவே உக்காந்து மீட்டரைப் பார்த்திருக்கணும்.

தம்பி: அம்மாவைக் குளிப்பாட்டப் போயிருப்ப.

அக்கா: அதுக்குன்னு... ஆயிரம் டிகிரி உலையைத் தனியா விட்டுட்டா போவாங்க?

தம்பி: விடுக்கா. உன் மேல தப்பு இல்ல.

அக்கா: ஆறுதல் சொல்லாதடா, எரிச்சலா வருது.

தம்பி: ஆறுதல் இல்ல. சூட்டை அளக்கிற ரெண்டு ஒயரும்... இடம் மாறி இருந்தது. அப்படி இருந்தா சூடு ஏற ஏற மீட்டர்ல எண் இறங்கும். சூட்டைக் கட்டுப்படுத்துற அந்த மீட்டர் பெட்டி, சூடு பத்தலன்னு நினைச்சுக்கிட்டு கரண்ட்டை அனுப்பிக்கிட்டே இருக்கும்.

அக்கா: அதுவா எப்படி இடம் மாறும்?

தம்பி: நான்தான்... காலையில மாத்தினேன்.

அக்கா: ம்.

தம்பி: அம்மா என் கையால குடுத்தாத்தான் மாத்திரை முழுங்குறாங்க. உன்னைக் கண்டா யாரோன்னு நினைச்சு அடிக்கறாங்க. அவ்ளோ தூரத்துல வேலைக்குப் போயிட்டா நீ ஒண்டியா... போகலன்னு சொன்னா நீ விடமாட்ட. ஊருக்குப் போக என் துணியைக்கூட அடுக்கி வெச்சுட்ட.

அக்கா: அதுக்கு என்னை ஏன்டா சுவிட்ச் போடச் சொன்ன?

தம்பி: என் கையால போட மனசு வரல. அதுதான் தப்பு. திட்டிடுக்கா... ஏன் இப்படி நிக்கிற?

அக்கா: என்னத்தைத் திட்டறது. முதல்ல நீ அந்த ஒயரை மாட்டறப்ப டார்ச் பிடிச்சது நான்தானே. எது எங்க இருக்கணும்னு தெரியாதா எனக்கு... மாறியிருந்ததைப் பார்த்துட்டுத்தான்டா சுவிட்சைப் போட்டேன்.