வெர்னா ஒருநாளும் பெருக்கவில்லை

பழைய ரிவால்வருக்கு எண்ணெய் அதிகம் போடக்கூடாது, மெர்ல். ஒரு சொட்டு போதும். கூடினால் தூசியைச் சேர்த்துக்கொள்ளும். நேற்று நம் துப்பாக்கிக் கிளப்பில் அதை நீ கையில் எடுத்தபோதே சொல்ல நினைத்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்குமுன் வெர்னா நினைவாக ஐந்து குண்டு சுட ஆசைப்பட்டாய். ஐந்தும் குறிப்பலகையில் கருவட்டத்தின் நடுவில் ஒரே ஓட்டையாக விழுந்தன. அப்போது திரும்பி என்னைப் பார்த்தாயே, அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லத்தான் காபி போட்டு வைத்துக் காத்திருந்தேன். உட்கார்.

ஐம்பத்தாறில், பென்சில்வேனியாவையே பனி மூடிய அந்த ஜனவரியில், ஒரு பண்ணை ஏலத்தில் அதை எடுத்தேன். துருப்பிடித்துக் கிடந்தது. சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத சின்னத் தோட்டா போடும் ரகம், பந்தயத்துக்கென்றே செய்தது. மண்ணெண்ணெயில் பத்து நாள் ஊறப்போட்டேன். தோட்டா உருளை, அறை குழலுக்கு நேராக வரும்போது நிற்காமல் ஆடியது. அதை நிறுத்தும் இரும்பு நாக்கை நானே அரத்தால் ராவிச் செய்தேன். இரண்டு குளிர்காலம் போனது. கடைசியில் வெர்னாவின் வலது கையை ரொட்டி மாவில் அழுத்தச் சொல்லி அச்செடுத்து, அந்த அளவுக்கு வால்நட் கட்டையில் பிடி செதுக்கினேன். என் மனைவிக்கு நான் கொடுத்த பரிசுகளிலேயே நல்லது அதுதான்.

அவள் சுட்டதை நீயே பார்த்திருக்கிறாய். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. மாநிலப் பட்டம் இரண்டு முறை. முதலில் அவளுடைய சனிக்கிழமைகள் கிளப்புக்குப் போயின, பிறகு ஞாயிறுகளும் போயின. நான் சமையலறையில் தனியாக ஆறிப்போன இறைச்சியைத் தின்றுகொண்டிருந்தேன். ஒஹையோவில் நடக்கும் தேசியப் போட்டிக்கு அழைப்பு வந்தது. போகாதே என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். சிரித்தாள்.

“நீதானே வில்பர் இதை என் கையில குடுத்த? இப்ப வந்து மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டா எப்படி?”

நியாயமான பேச்சுதான். நான் கோபப்படவில்லை. அன்று மாலை வழக்கம்போல துப்பாக்கியைத் துடைக்க உட்கார்ந்தேன். துடைப்பது எப்போதும் என் வேலை. குழலின் வாயில், குண்டு கடைசியாக வெளியேறும் உள்விளிம்பில், ஊசி அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தேன். தலைமுடியளவுதான். அந்த இடத்தில் பிசகினால் குண்டு லேசாகச் சாய்ந்து போகும். யாரும் உற்றுப் பார்க்கிற இடமில்லை. போட்டியில் தோற்றால் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

அவள் தோற்றாள். ஆனால் விடவில்லை. அடுத்த மாதம் இன்னொரு இழுப்பு. தொண்ணூற்றிரண்டு, எண்பத்தெட்டு, எண்பத்தொன்று. நம் கிளப்பின் வழக்கம் உனக்கே தெரியும். துப்பாக்கியைக் குறை சொல்கிறவர் அன்றைய காலித் தோட்டாக்களை எல்லாம் பெருக்கி அள்ள வேண்டும். வேறொன்றில் சுட்டுப் பார் என்று நீகூடச் சொன்னாய். உன்னிடம் என்ன சொன்னாள்?

“போ மெர்ல், என்னைத் துடைப்பம் தூக்க வைக்கப் பாக்குற. இந்த இடுப்போட குனிய முடியாது.”

எல்லோரும் சிரித்தீர்கள். வீட்டுக்கு வந்து கையை மேசைமேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பாவுக்கு நடுக்குவாதம். கடைசி ஆறு வருஷம் ஸ்பூனால் ஊட்டினார்கள். ஊட்டியவள் அவள்தான். அவள் கையில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர். அப்பாவுக்கும் முதல் இரண்டு வருஷம் இதையேதான் சொன்னார்கள் என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அவள் எங்கும் போகவில்லை, மெர்ல். சனிக்கிழமைகளில் அடுப்புப் பக்கம் என்னருகில் உட்கார்ந்திருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எது வந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அத்தனை நெருக்கமாக நாங்கள் இருந்ததில்லை. பிறகு கை உண்மையாகவே நடுங்கத் தொடங்கியது. கோப்பை தட்டில் மோதுவது அடுத்த அறைவரை கேட்கும். அந்த நடுக்கத்தை நான் செய்யவில்லை. அரம் குழலைத்தான் தொட்டது.

மார்ச்சில் ஏரியின் பனிக்கட்டி இளகிக்கொண்டிருந்தபோது, நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு அதன்மேல் நடந்து போனாள். கால் தவறியது என்று ஊரில் சொன்னேன். நீயும் நம்பினாய். மாவு டப்பாவில் ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போயிருந்தாள். ‘எனக்கு நீ ஊட்டிவிடும் நிலைமை உனக்கு வரவேண்டாம், வில்பர். நீ இதுவரை பார்த்துக்கொண்டதே போதும்.’ அதைப் படித்து அழுதேன். இன்றும் அழுகிறேன். எனக்காகப் போனாள் பார்.

அடக்கத்துக்குப் பிறகு குழல்வாயைக் கடைசல் இயந்திரத்தில் வைத்துச் சரிசெய்தேன். பிசகிய துப்பாக்கியை அவள் பெயரில் வைக்க மனசு கேட்கவில்லை. அதில்தான் நேற்று நீ சுட்டாய்.

நீ இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல். ஆனால் பெட்டியில் வைக்கிற அட்டையில் அவள் பெயருக்குக் கீழே, செப்பனிட்டவர் அவள் கணவர் என்று ஒரு வரி போடு. அவள் கையைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதே. அந்தக் கைக்கு நான் ஒரு கெடுதலும் செய்யவில்லை. குளிர்காலம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு இருந்தவன் நான்தான்.