சோபா இடுக்கில் ஓர் ஆமை

மிருகப் பாதுகாப்பு அதிகாரி அம்மா, அட்லிஸ்வில் கோயில் முருகன் மேல் ஆணை, கீழே ஒரு சொல்லும் பொய்யில்லை. என் பெயர் தம்பித்துரை. வயது எழுபத்திரண்டு, இருப்பது லாங்கன்தாலில். பொறாமை என்ற குணம் என்னிடம் கிடையாது.

எங்கள் வீட்டுக்கு வந்த ஆமை ஆபிரிக்காவின் வறண்ட பாறைக்காட்டுச் சாதி. தோசைபோலத் தட்டை, ஓடு அமுக்கினால் அமுங்கும். என் மனைவி சந்திரமதி பராமரித்த சுவிஸ் கிழவி, முதியோர் இல்லத்துக்குப் போகும்போது அனுமதிப் பத்திரங்களோடு அதை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பாறையில் வெடிப்பைக் கண்டால் அது உள்ளே நுழைந்து இறுக்கிக்கொள்ளுமாம். யாராலும் இழுக்க முடியாதாம். எங்கள் வீட்டில் அது கண்டுபிடித்த வெடிப்பு, சோபாவில் எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது. நாற்பத்தொரு வருடமாக அங்கே ஒரு வெடிப்பு இருப்பது எனக்கே தெரியாது.

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் தள்ளி இருங்கோவன். பிள்ளைக்கு நெரியுது."

தள்ளினேன். மேலும் தள்ளினேன். ஐப்பசி முடிவதற்குள் நாற்காலிக்கு வந்துவிட்டேன்.

சந்திரமதிக்கு ஜேர்மன் தெரியாது. வருகிற கடிதங்களை வாசித்துச் சொல்பவன் நான். இந்தச் சாதிக்குக் குளிர்கால உறக்கம் இல்லை, குளிரில் வைத்தால் செத்துவிடும் என்று மிருக வைத்தியர் தந்த தாளில் இருந்தது. மேல்மாடிச் சுவிஸ்காரர் தன் கிரேக்க ஆமையை வைப்பதுபோல, பெட்டியில் போட்டு ஐந்து பாகையில் மூன்று மாதம் பிரிட்ஜில் வைக்கவேண்டும், இடையில் திறக்கக்கூடாது என்று நான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

"குளிராதோ?"

"விறைச்சால்தான் அதுக்குச் சுகமாம். வடிவா எழுதியிருக்கு."

துணியில் சுற்றித் தன் கையாலேயே வைத்தாள். கதவைச் சாத்தியது மட்டும் நான். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் பெட்டியிடம் சுகம் விசாரித்தேன். சோபாவுக்குத் திரும்பினேன். மூன்று மாதம் தேநீர் சூடாகவே வந்தது.

மாசியில் அவள் திறந்து பார்த்துவிட்டு, "முடிஞ்சுது" என்றாள். அட்லிஸ்வில்லில் மகள் வேணுகாவின் தோட்டத்தில் புதைக்கக் கொண்டுபோனாள். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் ஒரு பை கீரையோடு ரயிலேறுகிறாள். சமாதியில் வைக்கவாம். போன கிழமை ஒரு சூட்டு விளக்கும் கொண்டுபோனாள். பின்னேரம் முகம் மலர்ந்துதான் திரும்புகிறாள். துக்கம் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி.

கொன்றவன் நான்தான். எனக்கு எந்தத் தண்டனையும் கொடுங்கள். அவளுக்கு மட்டும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும்படி ஒரு கடிதம் போடுங்கள். நான் வாசித்துக் காட்டுகிறேன்.

எனக்கு ஜேர்மன் எழுத வராது. நான் தமிழில் சொன்ன இதையெல்லாம் உங்களுக்கு ஜேர்மனில் எழுதித் தந்தவள் சந்திரமதி. அவளுக்கு ஜேர்மன் தெரியும் என்று, முழுவதையும் சொல்லி முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.