வெளிப்படியில் கிடந்த செருப்பு

கம்ப்யூட்டர் இருக்கும் ஏசி அறைக்குள் செருப்போடு வரக்கூடாது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும், சார். தூசி ஆகாது. ராயக்கோட்டை ரோட்டில் என் பிரவுசிங் சென்டருக்கு வந்த யாரும் இதற்கு முகம் சுளித்ததில்லை. மெம்பர்கள் செருப்பை உள்ளே அலமாரியில் விடுவார்கள், விருந்தினர்கள் வெளிப்படியில் விடுவார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் விருதுநகர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். இந்த வெள்ளைச்சாமி எந்த ஊர், யாருக்குத் தெரிந்தவன் என்று குடைந்து குடைந்து விசாரித்த பிறகுதான் ஓசூரில் எனக்கு வீடு கொடுத்தார்கள். அதில் தப்பில்லை. வந்தவன் தன்னைக் காட்டித்தான் ஆகவேண்டும்.

சிப்காட் தொழிலாளர்கள் மனம்விட்டுப் பேச இன்டர்நெட்டில் ஒரு விவாதப் பலகை நடத்தினேன். பெயர், முகவரி, போட்டோ கொடுத்து மெம்பரானவர்கள் புனைபெயரில் எழுதலாம். வேறெதுவும் வெளியே தெரியாது. மெம்பராகாத விருந்தினர் எழுதினால், எந்த சென்டரிலிருந்து எழுதுகிறார் என்பது அடியில் தானாக வந்துவிடும். அப்படி அமைத்தது நான்தான்.

சாந்தம்மா உத்தனப்பள்ளிப் பெண். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை. லீவு நாளில் வந்து, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவாள். அவர்கள் சூப்பர்வைசர் ஸ்டோர் ரூமில் பெண்களிடம் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றி, பெயர் போடாமல் எழுத ஆரம்பித்தாள். மெம்பராகிவிடேன் என்று நானே சொன்னேன்.

"பேரும் போட்டோவும் குடுத்தா யார் கைக்காவது போயிரும்ணா. அப்பறம் என் வேலைக்கே ஒலைதான்," என்றாள்.

என்னை அவள் நம்பவில்லை. அது எனக்கு உறுத்தியது.

அந்த சூப்பர்வைசர் தங்கதுரை. அவரும் எங்கள் மெம்பர்தான். 'நல்லவன்' என்ற பெயரில் அவளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. மெம்பர் யார் என்று வெளியே சொல்லக்கூடாது என்பது விதி.

அன்று மத்தியானம் அவள் எழுதியதை, கம்பெனி ஆபீசிலிருந்து தங்கதுரை உடனே படித்திருக்கிறார். அடியில் என் சென்டரின் பெயர் இருந்தது. பைக்கில் வந்தவர் உள்ளே வரவில்லை. படியில் ஒரே ஒரு ஜோடி கிடந்தது. வார் அறுந்து சிவப்பு நூலால் தைத்த செருப்பு. கம்பெனியிலும் ஹாலுக்கு வெளியேதான் செருப்பை விடுவார்கள். அது யாருடையது என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதிர் டீக்கடையில் போய் நின்றுகொண்டார்.

சாந்தம்மா கண்ணாடி வழியே அவரைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணா, பின்கதவத் தொறந்து வுடுங்கண்ணா. அந்தாளு என்னெ வுடமாட்டான்."

பின்வழி மெம்பர்களுக்கானது. அதைத்தான் சொன்னேன், மரியாதையாகவே சொன்னேன். இன்னிக்கு ஒருநாள் மட்டும் என்று கும்பிட்டாள். ஒருத்திக்காக விதியை வளைத்தால் மற்ற விருந்தினர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

செருப்பைக்கூடப் போடாமல் முன்வாசல் வழியே ஓடினாள். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் அவள் உட்கார்ந்திருந்த மெஷினை அணைத்தேன்.

ஏரியிலிருந்து பிணமாக எடுத்தபோது அவள் வெறுங்காலோடு இருந்ததாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். நீங்கள் வந்து விசாரித்தபோது அப்படி யாரும் வரவில்லை என்றேன். அவள் எழுதியதையெல்லாம் அதற்கு முன்பே அழித்துவிட்டேன். தங்கதுரையைப் பற்றிக் கேட்டீர்கள். மெம்பர் விவரம் கொடுப்பதில்லை என்றேன்.

செருப்பை எடுத்து உள்ளே மெம்பர்கள் அலமாரியில் வைத்திருந்தேன். மறுநாள் கடையைத் திறக்கும்போது அது வெளிப்படியில் கிடந்தது, ஈரமாக. மறுபடி உள்ளே வைத்தேன். பூட்டியும் பார்த்தேன். தினமும் படிக்கு வந்துவிடுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, சார். அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நேற்று அவளை மெம்பராகச் சேர்த்துவிட்டேன். பெயர், முகவரி, பேப்பரில் வந்த போட்டோ எல்லாம் வைத்து, முறைப்படி. பின்கதவையும் திறந்தே வைத்துவிட்டுப் போனேன். இனி அவள் என்னைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இன்று காலையும் செருப்பு முன்வாசலில்தான் கிடந்தது.