சுவரில்லாத கதவு

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கப்பா... தாழ்ப்பாளும் போடு. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

இங்கிலாந்துல ஹல் ஊர்ல என்கூட வேலை பார்த்தாளே டோரீன், அவளோட ஒண்ணுவிட்ட பெரியம்மாவுக்கு நடந்தது இது. பெரியம்மா பேரு வின்னி.

ராத்திரி பதினோரு மணி. ஹெடன் ரோடு. ஒரு பக்கம் ஜெயில் மதில், இன்னொரு பக்கம் கல்லறை. ஆத்துப் பனி இறங்கி, தெருவிளக்கு இருக்கிற இடமே தெரியல. வின்னியும் அவ தங்கச்சி மேவிஸும் நடந்து வர்றாங்க. வின்னி கையில ஒரு பை. பைக்குள்ள குத்திக் கிழிச்ச முட்டைக்கோஸ்.

சிரிக்காதீங்க. அதுதான் அவ தொழில். ரேடியோ நாடகத்துக்குச் சத்தம் பண்றவ. எலும்பு உடையணுமா... செலரிக் கீரைத் தண்டை ஈரத்துணியில சுத்தி முறுக்குவா. நெஞ்சுல மரமுளை இறங்கணுமா... துடைப்பக் கட்டையைக் கூரா சீவி, முட்டைக்கோஸ் மேல வச்சு சுத்தியால அடிப்பா. சதக். ஒவ்வொரு அடியையும் வாய்க்குள்ளயே எண்ணிக்குவா. ஒண்ணு... ரெண்டு... மூணு. கேக்கிறவனுக்கு அன்னைக்குச் சாப்பாடு இறங்காது.

அது அம்பத்தொண்ணாம் வருஷம், நவம்பர். நாடகம் ஒரு ரத்தக்காட்டேரிக் காதல் கதை. கல்லறையில படுத்திருக்கிற பிரபு ஒருத்தன், அவன் மேல உசுரையே வச்சிருக்கிற பொண்ணு ஒருத்தி. முதல்ல புத்தகமா வந்து பொண்ணுங்க தலகாணிக்கடியில கிடந்துச்சு. அப்புறம் மேடையில முப்பது வருஷம் ஓடுச்சு. இப்ப ரேடியோவுக்கு வந்துருக்கு. பொண்ணு வேஷம் மேவிஸுக்கு. பத்தொம்பது வயசு. அம்மா செத்ததுலேர்ந்து வின்னிதான் அவளை வளர்த்தா. இவ்வளவு நல்ல குரல் மீன் கம்பெனியில வீணாப் போகக் கூடாதுன்னு தவமா கிடந்தா.

அன்னைக்குச் சாயங்காலம் ஒத்திகை. பிரபு வேஷம் போட்டவர் ஆம்ப்ரோஸுன்னு ஒரு கிழவர், முப்பது வருஷமா மேடையில அதே வேஷம். கடைசி வரி வந்ததும் கையை நீட்டித் தடுத்துட்டார்.

"அதைச் சொல்லாத கண்ணு. ஒத்திகையில கடைசி வரியை யாரும் சொல்றதில்ல."

கொட்டகைக்காரங்க வழக்கம் அது. எந்த நாடகமா இருந்தாலும் சரி, கடைசி வரி முதல் ஆட்டத்தன்னைக்குத்தான் வாயில வரணும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து டைரக்டர் பெல்லமி கத்துறான். லண்டன்லேர்ந்து வந்த பையன். வாய் நீளம். "அய்யா, இது கொட்டகை இல்ல, மைக்கு! குரல் எவ்வளவு ஏறுதுன்னு நான் பாக்க வேணாமா?"

"கடைசி வரி சொன்னா நாடகம் முழுசாயிடும் தம்பி. கேக்க ஆள் இல்லாதப்ப முழுசானா... வேற யாராவது வந்து கேப்பாங்க."

கிழவர் தொப்பியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார். மேவிஸ் அக்காவைப் பாத்தா. வின்னிக்கு என்ன பயம்? இந்த வேஷம் கை நழுவிப் போயிடுமோன்னு பயம். "சொல்லேன்டி, ஒரு வரிதானே," அப்படின்னுட்டா. பாவி... அவ வாயாலயே சொல்லிட்டா.

ஸ்டுடியோ நடுவுல சத்தத்துக்குன்னே ஒரு கதவு நிக்கும். நிலை, தாழ்ப்பாள், தட்டுற வளையம் எல்லாம் உண்டு. சுவர்தான் கிடையாது. வின்னி மூணு தடவை தட்டினா. மேவிஸ் சொன்னா. "கதவு திறந்துதான் இருக்கு... உள்ள வா."

"இன்னும் ஏக்கம் வேணும்," பெல்லமி.

மறுபடி தட்டல். மறுபடி வரி.

மூணாவது தடவை வின்னி மூலையில கை கழுவிக்கிட்டிருந்தா. ரெண்டு கையும் தண்ணிக்குள்ள. டொக்... டொக்... டொக். "உள்ள வா."

"அபாரம்! இந்தத் தட்டல்தான் வேணும் எனக்கு!"

வின்னி ஈரக்கையோட திரும்பிப் பாத்தா. கதவுகிட்ட யாரும் இல்ல.

இப்ப அந்த ரோட்டுல, பின்னாடி யாரோ நடக்கிறாங்க. இவங்க நின்னா அதுவும் நிக்குது. ஹல் முழுக்க மீன் வாடை அடிக்கும்... அன்னைக்கு அடிச்சது தோண்டின ஈரமண் வாடை. ஓடிப்போய் வீட்டுக்குள்ள புகுந்து தாழ்ப்பாள் போட்டாங்க. டொக்... டொக்... டொக். வின்னி தங்கச்சி வாயைப் பொத்தினா. மேவிஸ் அந்தக் கையை ரத்தம் வர்ற மாதிரி கடிச்சு வச்சா.

"விடு வின்னி... குளிர்ல நிக்கிறாரு."

நிக்கிறாராம். வின்னி அவ ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. சனிக்கிழமை ஒலிபரப்புக்குப் போகாதன்னு கெஞ்சினா.

"பொறாமைடி உனக்கு. நீ காலம் பூரா கோஸ் குத்து. எனக்கென்ன?"

சனிக்கிழமை வந்துச்சு. நேரடி ஒலிபரப்பு. நாடு முழுக்க கேக்குது. எல்லாம் நல்லாத்தான் போச்சு. பிரபு நெஞ்சுல முளை இறங்குற இடத்துல வின்னி கோஸைக் குத்தினா, மூணே குத்து. கடைசிக் காட்சி. மேவிஸ் மைக்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டா. "கதவு திறந்துதான் இருக்கு... உள்ள வா."

வெளக்கு போச்சு. மைக்குக்கு மேல சிவப்பு பல்பு மட்டும் எரியுது.

சுவரில்லாத அந்தக் கதவு திறந்துச்சு. அதுக்குப் பின்னாடி பெல்லமியோட கண்ணாடி தெரியணும். தெரியல. கீழ இறங்குற படிக்கட்டு தெரிஞ்சுது. படியெல்லாம் ஈரமண். ஏறி வந்தவன் மேவிஸைக் குழந்தையைத் தூக்குற மாதிரி மெதுவா அணைச்சான்... அவ கழுத்தைச் சாய்ச்சுக் குடுத்தா. அப்புறம் அந்தச் சத்தம். சதை கிழியற சத்தம் வின்னிக்குத் தெரியும், ஈரத்தோலைக் கிழிச்சு அவளே பண்ணுவா. இது வேற. இது சளசளன்னு ஒழுகுச்சு.

வின்னி கட்டையையும் சுத்தியையும் எடுத்தா. அவன் முதுகுல வச்சு அடிச்சா. ஒண்ணு. எலும்பு முறிஞ்சுது. ரெண்டு. சூடா மூஞ்சில தெறிச்சுது. மூணு... நாலு... அவன் திரும்பாம குடிச்சுக்கிட்டே இருந்தான். ஏழாவது அடியில ஒரு ஓலம். அவ்வளவுதான்.

வெளக்கு வந்தப்ப அவன் இல்ல. கதவு சாத்தியிருக்கு. மேவிஸ் கீழ கிடக்கா, தொண்டை பிளந்து, அந்த ஓட்டை வழியா மூச்சு விசிலடிக்குது.

நேயர்கள் கடுதாசியாக் குவிச்சாங்க. கடைசிக் குத்து பிரமாதம், என்ன காய்ல பண்ணீங்கன்னு. தூ! பெல்லமி ஒலிபரப்பு நடக்கிறப்பவே அதை இசைத்தட்டுல பதிஞ்சிருந்தான், பத்திரமா வச்சுக்கிட்டான்.

மேவிஸ் பொழச்சுக்கிட்டா. குரல் போச்சு. கழுத்துல எப்பவும் ஸ்கார்ஃப். வின்னி வேலையை விட்டுட்டு அவளைப் பாத்துக்கிட்டா. வீட்டுல ரேடியோவே கிடையாது. வருஷா வருஷம் நவம்பர்ல ஒரு ராத்திரி டொக்... டொக்... டொக். வின்னி மூச்சை அடக்கிக்குவா. மேவிஸ் கதவுக்கிட்டப் போய் வாயை வாயைத் திறப்பா. வெறும் காத்துதான் வரும். பாவம், பயத்துல அலறப் பாக்குறான்னு வின்னி கட்டிப் பிடிச்சுக்குவா.

பதினோரு வருஷம் போச்சு.

அறுபத்திரெண்டு, நவம்பர். பக்கத்து வீடு மிஸஸ் கிராக் வீடு. நடுவுல ஒத்தச் செங்கல் சுவர். அவங்க ரேடியோ இங்க கணீர்னு கேக்கும். வின்னி அடுப்படியில இருக்கா. சுவர் வழியா அறிவிப்பு வருது... "நேயர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கும் பழைய நாடகம். கேட்டவர் ஹல் நகரம், செல்வி மேவிஸ் ஸ்பென்ஸ்லி."

வின்னி திரும்பிப் பாத்தா.

மேவிஸ் கழுத்துல ஸ்கார்ஃப் இல்ல. தலை வாரியிருக்கா. நீல கவுன் போட்டிருக்கா. வாசக்கதவைப் பாத்து நாற்காலி போட்டு உக்காந்திருக்கா. தாழ்ப்பாள் எடுத்திருக்கு.

வின்னி ஓடிப்போய் தாழ்ப்பாளைப் போட்டா, மேவிஸ் எடுத்தா. போட்டா, எடுத்தா. நாடகம் முடியப் போகுது. வின்னி சுவத்தை ரெண்டு கையாலயும் அடிச்சா. "அணைங்க! மிஸஸ் கிராக், அணைச்சிருங்க!"

சத்தம் ஜாஸ்தின்னு சண்டைக்கு வர்றாளாக்கும்னு மிஸஸ் கிராக் கொஞ்சம் குறைச்சாங்க. குறைக்கத்தான் செஞ்சாங்க.

மெல்லிசா வந்துச்சு, மேவிஸோட பத்தொம்பது வயசுக் குரல். "கதவு திறந்துதான் இருக்கு... உள்ள வா."

மறுநாள் போலீஸ் வந்தப்ப வின்னி அடுப்படியில கிடந்தா. நெஞ்சுல துடைப்பக் கட்டை. கதவு விரியத் திறந்திருந்துச்சு. மேவிஸை அதுக்கப்புறம் யாரும் பாக்கல.

மிஸஸ் கிராக் போலீஸ்ல சொன்னதை டோரீன் அப்படியே சொல்லுவா. "நாடகம் முடிஞ்சதும் ரேடியோவ அணைச்சுட்டேன் சார். அந்தக் கோஸ் குத்துற சத்தம் மட்டும் நிக்கல. கூடவே ஒரு பொண்ணு எண்ணிக்கிட்டிருந்தா... நல்ல குரல் சார். ஏழு வரைக்கும் எண்ணினா. அப்புறம் சிரிச்சா. அப்புறம்... மறுபடியும் ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சா."